நூற்று மூன்று மீட்டர்

ஜனவரி 18, ஞாயிறு

எஸ்தர் டீச்சர் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது. ஒன்று யானை மாதிரி இருக்கும், அடுத்தது எறும்பு மாதிரி இருக்கும். 'ழ' போடும்போது பேனா எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருகிறது. இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. படிக்க உங்களுக்கு அதைவிட அதிகம் ஆகலாம்.

முதியோர் எழுத்தறிவு வகுப்பில் எல்லோரும் தினமும் நடந்ததை எழுதிச் சனிக்கிழமை காட்ட வேண்டும் என்று சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். டீக்கடையில் யாராவது பேப்பரைச் சத்தமாகப் படிக்க முப்பது வருடம் கேட்டவன் நான். எழுதுகிற தமிழ் எப்படி இருக்கும் என்று காதுக்குத் தெரியும். கைக்குத்தான் புதிது.

என் பெயர் கலியபெருமாள். வயது அறுபத்தெட்டு. காண்ட்ராக்டர் பூபாலனிடம் ஒயர் இழுக்கும் வேலை. பள்ளம் தோண்டிப் பைப் புதைத்து, அதற்குள் ஒயரை விட்டு இழுப்பது. முன்பு டெலிபோன் ஒயர், இப்போது கம்ப்யூட்டர் ஒயர். பொங்கலுக்கு முன்னால் சர்க்கரை ஆலையின் கிழக்கு கேட்டில் இரண்டாம் நம்பர் எடைமேடை கட்டினார்கள். அங்கிருந்து கரும்பு ஆபீசுக்கு நான்தான் ஒயர் இழுத்தேன். கரும்பு டிராக்டர் மேடையில் ஏறினால், எடை அந்த ஒயர் வழியாக ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து எடைச்சீட்டு வரும். நல்ல வேலை. கடைசியில் சோதனைக் கருவியைச் சொருகியபோது எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தது. அரவை முடியும் வரை கூடமாட வேலைக்கு என்னை அங்கேயே விட்டிருக்கிறார் பூபாலன்.

ஆலைக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் வேலியில் ஒரு போர்டு தொங்குகிறது. நேற்று அதைப் படித்தேன். 'அபாயம். தொடாதே.' ஒரு மாதமாக அந்த வேலியில்தான் துண்டைக் காயப்போடுகிறேன்.

ஜனவரி 19, திங்கள்

இன்று மேடை இரண்டு முறை நின்றது. மேடையில் வண்டி நிற்கிறது, எடை தெரிகிறது, ஆனால் சீட்டு வரவில்லை. வெளியே முப்பது டிராக்டர் வரிசை. கையால் எழுதும் சீட்டைப் போன வருடத் தகராறுக்குப் பிறகு ஆலை நிறுத்திவிட்டது. சீட்டு வராமல் வண்டி நகராது.

கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவர் மங்கையர்க்கரசி. அரசி மேடம் என்பார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். எட்டு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறார். மாதக் கடைசியில் நிரந்தர ஆர்டர் வந்துவிடும் என்று கேன்டீனில் பேசிக்கொள்கிறார்கள். ஓடி வந்து மேடை ஓரத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பச்சை விளக்கு எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது.

"என்னாம்மா ஆவுது?" என்று கேட்டேன்.

"ஒயரோட ரெண்டு முனையிலயும் ஒரு பொட்டி இருக்குதில்ல ஐயா? சொருவுன உடனே ரெண்டும் மொதல்ல பேசிக்கும். நான் ஆயிரம் வேகத்துல பேசுவன், நீ எவ்ளோன்னு ஒண்ணு கேக்கும். நானும் ஆயிரம்னு இன்னொண்ணு சொல்லும். ஒத்துக்கிட்டா விளக்கு எரியும். இதுங்க ஒத்துக்குதுங்க. ஆனா நெசமா பேச ஆரம்பிச்சா வார்த்த போய்ச் சேர மாட்டுது. உடனே அறுத்துக்கிட்டு மறுபடி மொதல்லருந்து."

"எங்க பொண்ணு கல்யாணப் பேச்சு மாதிரி இருக்குது மேடம்" என்றான் கோதண்டம். எங்கள் ஊர்க்காரன், எனக்கு மருமகன் முறை. அவன் வண்டி எட்டாவது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாமா, நீ பூமிக்குள்ள போட்டது ஒயரா, அரணாக்கயிறா?" என்றான். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அரசி மேடம் சிரிக்கவில்லை. "ஒயரு நூறு மீட்டருக்குள்ளதான ஐயா இருக்குது? இந்த ஒயருல நூறு தாண்டுனா பேச்சு தேஞ்சி போயிடும்."

"தொண்ணூத்தொம்போது. மார் போட்டு அளந்தன்" என்றேன்.

இரண்டு கையையும் விரித்து ஒயரைப் பிடித்தால் ஒரு மார். என் மார் பத்து போட்டால் பதினாறு மீட்டர். நாற்பது வருடத்துக்கு முன் ஒரு டெலிபோன் இன்ஜினியர் டேப் பிடித்து அளந்து சொன்ன கணக்கு. அதன்பிறகு நான் டேப்பைத் தொட்டதில்லை. இந்த ஒயரை அறுபத்திரண்டு மார் போட்டு வெட்டினேன்.

ஜனவரி 21, புதன்

நேற்று நான்கு முறை நின்றது. இன்று எண்ணவில்லை. கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்து நடந்து முழங்கால் வீங்கிவிட்டது. அஞ்சலை உப்பு ஒத்தடம் கொடுத்தாள். "எழுதுன வரைக்கும் போதும், படு" என்கிறாள்.

ஜனவரி 22, வியாழன்

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் 'படித்துச் சொல்லுங்கள்' என்றார்.

அரசி மேடம் ஆபீசில் இருந்து போன் செய்தார். நான் எடைமேடைப் பெட்டி பக்கத்தில் இருந்தேன். ஒயரின் மேல்தோலில் மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். ஒரு முனையில் இருக்கிற எண்ணிலிருந்து மறுமுனை எண்ணைக் கழித்தால் ஒயரின் நீளம். இத்தனை வருடம் கையில் பிடித்த ஒயரில் இப்படி ஒன்று இருப்பது இன்றுதான் எனக்குத் தெரியும்.

"சரியா அளக்குற மீட்டரு நம்ம கிட்ட இல்ல ஐயா, கேட்டா வாங்கித் தர மாட்டாங்க. நீங்க இப்பப் படிக்கிறீங்கல்ல? பொட்டிக்குப் பக்கத்துல என்னா நம்பர் இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. எங்கிட்ட எரநூத்திப் பன்னெண்டு. உங்ககிட்ட நூத்திப் பன்னெண்டோ அதுக்கு மேலயோ இருந்தா ஒயரு நூறுக்குள்ள. கவலயில்ல."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எண் தெளிவாக இருந்தது. மூன்று இலக்கம். ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"நூத்திப் பதிமூணு" என்றேன்.

"தொண்ணூத்தொம்போதே வருது! நீங்க மார் போட்ட கணக்கு அப்படியே இருக்குதே ஐயா. அப்ப ஒயரு மேல தப்பில்ல. நல்லாப் படிக்கிறீங்க."

இதுவரை என்னை யாரும் நல்லாப் படிக்கிறீங்க என்று சொன்னதில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

பிறகு அந்த எண் இருக்கிற இடத்தில் கறுப்பு டேப் சுற்றி வைத்தேன். தூசி படக்கூடாது என்று.

ஜனவரி 24, சனி

வகுப்புக்குப் போனேன். நோட்டை எடுத்துப் போகவில்லை. மழைத்தண்ணீர் ஒழுகி நனைந்துவிட்டது என்று டீச்சரிடம் சொன்னேன். தை மாதத்தில் எங்கே மழை? டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். போர்டில் எழுதி இரண்டிலக்கப் பெருக்கல் சொல்லித் தந்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

அஞ்சலை ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியைக் கொடியில் போடச் சொன்னாள். நான் கொடியைத் தாழ்த்திக் கட்டினேன்.

"ஏன்யா, கை மேல ஏறலியா?"

"ஏறுது ஏறுது."

"எங்க ஏறுது? போன வருஷத்துலருந்து நானும் பாக்குறன். சட்டை மாட்டவே சொவத்துல சாயுற. இந்தக் கையிலதான் ஒயரு அளந்தியாமே. கோதண்டம் பொண்டாட்டி கொழாயடியில சொல்லிச் சிரிக்கிறா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மாரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள்.

"நில்லு. கைய விரி."

விரித்தேன். வலது தோளுக்குள் மணல் நறநறப்பது போல இருந்தது. வலியைக் காட்டவில்லை.

"அம்பத்தாறு."

"மறுபடி அள. தப்பா புடிச்சிருக்க."

"பத்து வாட்டி அளந்தாலும் அம்பத்தாறுதான். நானா உன் கையப் புடிச்சிச் சுருக்குறன்?"

என் மார் அறுபத்திமூன்று அங்குலம். கல்யாணமான புதிதில் விளையாட்டாக அளந்தபோது இவளுடைய அறுபது அங்குல டேப் பத்தாமல் போனது. அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தையலுக்குத் திரும்பிவிட்டாள்.

பேப்பரில் பெருக்கிப் பார்த்தேன். ஐம்பத்தாறு அங்குலம், அறுபத்திரண்டு தடவை. மீட்டராக மாற்றினால் எண்பத்தெட்டு. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் எண்பத்தெட்டு. வகுப்பில் சொல்லித் தந்த கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அப்படியென்றால் ஒயர் ஏன் எட்டவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எழுதிவிடுகிறேன். போகிக்கு முந்தின நாள். ஒயரைப் பைப்பில் விட்டு இழுத்தேன். பம்பு அறைத் திருப்பத்துக்குப் பக்கத்தில் ஒயர் முடிந்துவிட்டது. எடைமேடைக்கு இன்னும் ஒன்பது மீட்டர் இருந்தது. ஒயர் கம்பெனிக்காரன் குறைத்துவிட்டான் என்று திட்டினேன். திரும்ப உருவிப் புது ஒயர் இழுக்க இரண்டு நாள் ஆகும், அடுத்த நாளே திறப்பு. பையில் பழைய வேலையில் மிஞ்சிய துண்டு ஒன்று கிடந்தது, பதினைந்து மீட்டர். இரண்டையும் இணைத்தேன். எட்டுக் கம்பியின் தோலையும் சீவி, ஒவ்வொன்றாக முறுக்கி, டேப் சுற்றிப் பைப்புக்குள் தள்ளினேன். டெலிபோனில் இப்படி ஆயிரம் இணைப்பு போட்டிருப்பேன். ஒன்றுகூட ஊமையானதில்லை. மிச்ச ஒயரைச் சுருட்டி மேடைப் பெட்டிக்குள் வைத்தேன்.

எண்பத்தெட்டும் பதினைந்தும் நூற்று மூன்று.

வியாழக்கிழமை நான் பார்த்த எண் 571. அது அந்தத் துண்டின் எண். சொன்னால் இரண்டு ஒயர் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

ஜனவரி 27, செவ்வாய்

அரசி மேடம் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் டப்பாவை மூடியே வைத்திருக்கிறார். ஒயர் நன்றாக இருக்கிறது என்று நம்புவதால் வேறு எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கிறார்.

நேற்று ஆபீஸ் பக்கப் பெட்டியில் பேரம் பேசுவதையே நிறுத்தி, நூறு வேகத்தில்தான் பேச வேண்டும் என்று கட்டிப்போட்டார். எடைமேடைப் பெட்டி எடைக் கருவிக்காரன் கொடுத்தது. அதில் எதையும் மாற்ற முடியாது. பச்சை விளக்கு அணையாமல் நின்றது. ஒரு மணி நேரம் சீட்டு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வண்டிகள் வேகமாக ஏற ஆரம்பித்ததும் பழையபடி ஆனது. விளக்கு எரிகிறது, சீட்டு வரவில்லை.

"இது அதவிட மோசம் ஐயா" என்றார். "இந்தப் பக்கம் பேரம் பேசாததால, எதிர்ப் பக்கம் பாதிப் பேச்சுக்கு எறங்கிடுச்சி. ஒண்ணு கேட்டுக்கிட்டே பேசும். இன்னொண்ணு எதிராளி பேசுனா வாய மூடிக்கும். வண்டி கொறச்சலா இருந்தா தெரியாது. கூட்டம் வந்தா ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்குதுங்க." சொல்லிவிட்டு அதையும் பழையபடி மாற்றினார்.

கோதண்டம் இன்று கேலி செய்யவில்லை. முதல் லோடு போன திங்களே ஏறிவிட்டது. இது கடைசி லோடு, வெட்டி ஐந்து நாள் ஆகிறது. "காஞ்சி வெறகாவுது மாமா. எட தெனம் எறங்குது. அந்தம்மாவுக்கு வேல தெரியாதா?" என்றான்.

"நல்லாத் தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன் ஓட மாட்டுது?"

டிராக்டர் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுப்பகலில் மேனேஜர் சுகுமாரன் மேடைக்கே வந்தார். அத்தனை விவசாயிகளும் பார்க்கக் கேட்டார். "ஒயரு சரியா இருக்குன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க? பெட்டியும் புதுசு. ஒயரும் சரி, பெட்டியும் சரின்னா, சரியில்லாதது யாரு?"

சனிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் வெளிக் கம்பெனிக்கு வேலையைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம் என்றார் மேனேஜர். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். கையில் துடைக்கிற துணி இருந்தது. அதையே மடித்து மடித்துப் பிரித்தேன்.

ஜனவரி 29, வியாழன்

அரசி மேடம் விளக்கக் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்து வந்தார். இரண்டு பக்கம்.

"ஒயரோட அளவ நீங்கதான நேர்ல படிச்சிச் சொன்னீங்க? அதுக்குச் சாட்சியா கீழ கையெழுத்துப் போடுங்க ஐயா." பிறகு முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "கைநாட்டு வேணாம். முழுப் பேரும் எழுதுங்க. ஆலை ரெக்கார்டுல இருக்கட்டும்."

படிக்கலாமா என்று கேட்டேன். தாராளமா என்றார். நின்றுகொண்டே படித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆங்கிலம் கலந்த இடங்களைத் தாண்டிப் போனேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: 'ஊழியர் திரு. கலியபெருமாள் அவர்கள் நேரில் படித்துத் தெரிவித்த அளவின்படி, இணைப்பு ஒயரின் நீளம் தொண்ணூற்றொன்பது மீட்டர். ஆகவே ஒயரில் குறையில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.'

என் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. 'திரு' போட்டு, 'அவர்கள்' போட்டு.

பேனாவை நீட்டினார். கை நடுங்குகிறது, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"நாளன்னிக்குக் காலையில குடுத்துடுங்க. மறந்துடாதீங்க ஐயா, எனக்கு அது ஒண்ணுதான் புடி."

கடிதம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஜனவரி 31, சனி

நேற்றுப் பகல் முழுக்க எழுதினேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் பத்தவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினேன். அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

'நான் கலியபெருமாள். ஒயர் ஒன்று இல்லை, இரண்டு. பம்பு அறைத் திருப்பத்தில் பைப்புக்குள் இணைத்திருக்கிறேன். மொத்தம் நூற்று மூன்று மீட்டர். நான் அளந்ததில் குறைந்துவிட்டதால் இப்படிச் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போனில் மேடம் கேட்டபோது நான் பார்த்த எண் 571. நான் சொன்ன எண் 113. படிக்கத் தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னேன். மேடத்துக்கு இது எதுவும் தெரியாது.'

கீழே முழுப் பெயர் எழுதினேன்.

காலை எட்டு மணிக்கு ஆபீசில் கொடுத்தேன். அரசி மேடம் முன்பக்கம் பார்த்தார். "கையெழுத்து எங்க ஐயா?" பின்பக்கம் என்றேன். திருப்பினார். நின்றபடி படித்தார். என் எழுத்து என்பதால் நேரம் ஆனது. முடித்த பிறகும் தாளை இறக்கவில்லை.

"நூத்திப் பதிமூணுன்னு சொன்னீங்களே" என்றார். "அத வச்சித்தான ஐயா நான் ஒம்போது நாளு..." முடிக்கவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். தாளை மடித்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. என்னைத் தாண்டிப் போனார்.

சாயங்காலம் வகுப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

பம்பு அறைத் திருப்பத்தில் தோண்டினோம். தோண்டியது நான்தான். இணைத்த இடம் எனக்கு மட்டும்தானே தெரியும். இரண்டடியில் பைப் வந்தது. வெட்டி உருவினேன். டேப் சுற்றிய இடம் வீங்கிக் கிடந்தது, உள்ளே பம்புத் தண்ணீர் கசிந்து கம்பியில் பச்சை பூத்திருந்தது. அரசி மேடம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆலை ஆபீஸ்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி இருப்பதற்குக் காரணம் உண்டு, அந்த முறுக்கைப் பிரித்தாலே பேச்சு சிதறும், டெலிபோன் மாதிரி இல்லை என்று பக்கத்தில் இருந்த எழுத்தரிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரா, தெரியாது.

புது ஒயர் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பம்பு அறைக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்தார் அரசி மேடம். அங்கே கரண்டு இருக்கிறது. ஆபீசில் இருந்து பெட்டி வரை ஒரு ஒயர், பெட்டியில் இருந்து மேடை வரை இன்னொரு ஒயர். நடுவில் பெட்டி வந்துவிட்டால் அங்கிருந்து நூறு மீட்டர்க் கணக்கு புதிதாகத் தொடங்குமாம். எந்தப் பக்கத்தையும் கட்டிப்போடவில்லை. சொருகியதும் தாங்களாகவே பேசி ஒத்துக்கொண்டன. விளக்கு எரிந்தது. நாற்பது வண்டி ஏறி இறங்கியது. ஒரு சீட்டும் நிற்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு களைப்பு.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பூபாலன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "நாளைக்கு விசாரண. ஜாயின்ட் போட்டது அந்த மேடத்துக்குத் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லிடு. அவங்கதான் அவசரப்படுத்துனாங்கன்னு சொல்லு. எனக்குக் காண்ட்ராக்ட் நிக்கும். உனக்கும் வேல நிக்கும்."

"எழுதிக் குடுத்துட்டனே" என்றேன்.

"வயசானவன், கொழம்பிப்போய் எழுதிட்டன்னு சொல்லு. படிச்சே ஆறு மாசந்தான ஆவுது, யாரும் நம்புவாங்க."

அஞ்சலை தைக்கிற இடத்தில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஆறு மாசத்துல ஒரு பொய்தான் எழுதக் கத்துக்கணுமா? போய்ட்டு வாங்க தம்பி."

பிப்ரவரி 4, புதன்

மேனேஜர் அறை. சுகுமாரன், ஆபீசர்கள் இரண்டு பேர், அரசி மேடம், பூபாலன், நான். எனக்கும் நாற்காலி போட்டார்கள்.

மேனேஜர் என் தாளை எடுத்தார். "இது நீங்க எழுதுனதா?"

"ஆமா சார்."

"வேற யாராச்சும் எழுதித் தந்து பாத்து எழுதுனீங்களா?" கேட்டுவிட்டு அரசி மேடத்தைப் பார்த்தார். பூபாலன் கால் மேல் கால் போட்டார்.

"நானேதான் சார்."

"அப்படின்னா படிங்க. சத்தமா."

வாங்கிக்கொண்டேன். என் எழுத்தை நானே படிப்பது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை. 'நான் கலியபெருமாள்' வரை சரியாக வந்தது. அப்புறம் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். 'இணைத்திருக்கிறேன்' என்ற சொல்லில் மூன்று தடவை நின்றேன். ஓர் ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி சரி, குடுய்யா, நானே படிச்சிக்கிறன்" என்று மேனேஜர் கையை நீட்டினார்.

"இல்ல சார்" என்றார் அரசி மேடம். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னைக் குறித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவரே படிக்கட்டும். முழுசா."

எனக்கு உதவிசெய்யச் சொன்னாரா, தண்டிக்கச் சொன்னாரா, இன்னும் புரியவில்லை. படித்தேன். 571 படித்தேன். 113 படித்தேன். 'தெரிந்தே சொன்னேன்' என்பதையும் படித்தேன். 'மேடத்துக்கு இது எதுவும் தெரியாது' என்பதை நிற்காமல் படித்தேன். அந்த ஒரு வரிதான் தடுக்காமல் வந்தது.

பூபாலன் காலை இறக்கினார்.

முடிவை அங்கேயே சொன்னார்கள். பூபாலனுக்கு இனி ஆலையில் வேலை இல்லை. நான் கேட்டுக்குள் வரக்கூடாது. அரசி மேடத்தின் ஒப்பந்தம் முடியவில்லை, இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு. ஆனால் நிரந்தர ஆர்டர் இந்த வருடம் கிடையாது. "நீங்களே நேர்ல போய்ப் பாத்திருக்கணும்மா. ஒரு கூலியாள் போன்ல படிச்சத நம்புனது உங்க கொற" என்றார் மேனேஜர்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அரசி மேடமும் நானும் நின்றோம். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பண்ருட்டி பஸ் தூரத்தில் வந்தபோது அவர் கேட்டார்.

"ஏன் ஐயா அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க? எனக்கு அது மட்டும் சொல்லுங்க."

"படிக்கத் தெரிஞ்சவன்னு காட்டிக்க ஆசயா இருந்துதும்மா. வேல தெரியாதவன்னு காட்டிக்க மனசில்ல. ரெண்டும் ஒரே நேரத்துல வந்துடுச்சி."

பஸ் வந்து நின்றது. "எட்டு வருஷம் ஐயா" என்றார். பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பிப்ரவரி 7, சனி

நோட்டை டீச்சரிடம் கொடுத்தேன். முதலில் இருந்து கடைசி வரை அவரே படிக்கட்டும் என்று வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோதண்டம் வந்திருந்தான். நேற்று இரண்டாம் நம்பர் மேடையில் நூற்று நாற்பது வண்டி நிற்காமல் ஏறியதாம். அவன் கரும்பு ஒன்றரை டன் எடை குறைந்துபோனது. அதை என்னிடம் சத்தமில்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காபி குடித்துவிட்டுப் போனான்.

எனக்கு இனிமேல் காலையில் எழுந்து போக இடமில்லை. தோள் வலிக்கிறது. அஞ்சலை தைலம் தேய்க்கிறாள். இத்தனை நாள் வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது வலிக்கிறது என்று சொல்ல முடிகிறது.

ஆலைக்கு எழுதிக் கொடுத்த தாளில் நடந்தது எல்லாம் இருக்கிறது. அரசி மேடத்துக்கு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. இன்று காலையில் இருந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன். மூன்று தாள் வீணாகிவிட்டது. ஒன்றில் என் தோளைப் பற்றியே எழுதியிருக்கிறேன். ஒன்றில் பூபாலனைப் பற்றி. மூன்றாவதில் 'அன்புள்ள மேடத்துக்கு' என்று தொடங்கினேன், அன்பு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அடித்துவிட்டேன். அவருக்குப் போய்ச் சேர வேண்டியது ஒரே ஒரு வரிதான். அது இன்னும் வரவில்லை.

வெளிச்சம் குறைந்துவிட்டது. கையும் ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.